இயங்கினால் மட்டும் போதுமா?

சென்ற மாதம் உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர் ஒருவர், பள்ளித் திட்டப்பணிக்காகத் தாம் செய்த கணினி விளையாட்டை என்னிடம் காட்டினார். திரையில் ஒரு பாம்பு ஊர்ந்து சென்று பழங்களைத் தின்றது. தின்னத் தின்ன நீண்டது. நன்றாகவே இயங்கியது. "பாம்பு ரொம்ப வேகமாகப் போகிறதே, கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் நிரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். சற்று நேரம் கழித்து, "எந்த வரி என்று தெரியவில்லை சார். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கியது. அதையே கேட்கட்டுமா?" என்றார்.

ஒளிக்காமல் சொன்னதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் திட்டப்பணியின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. அதை நினைத்தபடி அன்று வீடு திரும்பியபோது, அலமாரியின் மேல்தட்டில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் ஓர் அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது.

1980களின் நடுவில் என் தாய்மாமா பிரிட்டனில் பொறியியல் படித்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு சின்னக் கறுப்புக் கணினியையும் பெட்டி நிறைய மாத இதழ்களையும் கொண்டுவந்தார். கணினியின் பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதற்குத் தனியாகத் திரை கிடையாது, வீட்டுத் தொலைக்காட்சியில்தான் இணைக்க வேண்டும். விளையாட்டுகள் பாட்டுக் கேட்கும் கேசட்டில் வரும். ஒரு விளையாட்டு ஏறி முடியும்வரை சில நிமிடங்கள் கீச்சென்ற இரைச்சலைக் கேட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அதில் அடங்காது.

பெட்டியில் இருந்த இதழ்கள்தான் எனக்கு அதிசயமாக இருந்தன. பிரிட்டனில் 1981 நவம்பரில் தொடங்கிய 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' போன்ற இதழ்களில், புதிய விளையாட்டுகளைப் பற்றிய செய்திகளோடு முழு விளையாட்டுகளே அச்சாகி வந்தன. படமாக அல்ல, நிரலாக. 10, 20, 30 என்று எண்ணிட்ட பேசிக் மொழி வரிகள் பக்கம் பக்கமாக இருக்கும். விளையாட விரும்பும் வாசகர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தாமே தட்டச்சு செய்ய வேண்டும். அவற்றில் பல, வேறு வாசகர்கள் எழுதி அனுப்பியவை.

அப்போது நான் தொடக்கப்பள்ளி மாணவன். ஒரு விண்கல் விளையாட்டைத் தட்டச்சு செய்ய எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. மாமா பக்கத்தில் உட்கார்ந்து வரியை வாசிப்பார், நான் தட்டுவேன். முடித்து இயக்கினால் விளையாட்டு வரவில்லை. 'மாறி கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகமும் வரி எண்ணும் மட்டும் திரையின் அடியில் வந்தன. அந்த வரியை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தும் எனக்குத் தவறு தெரியவில்லை. மாமாதான் கண்டுபிடித்தார். சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டியிருந்தேன்.

திருத்தியதும் விண்கற்கள் விழத் தொடங்கின, ஆனால் மிக வேகமாக. 'பாஸ்' என்று ஒரு கட்டளை, அதன் பக்கத்தில் ஓர் எண் தட்டியது நினைவிருந்தது. அந்த எண், கணினி எவ்வளவு நேரம் நின்று போக வேண்டும் என்பதை ஒரு விநாடியின் 50-இல் ஒரு பங்கு என்ற அளவில் சொல்லும். 5 என்பதை 15 ஆக்கினேன். விண்கற்கள் மெதுவாயின. நான் ஒன்றும் மேதையல்ல. அந்த வரி என் விரல் வழியாகக் கடந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

பழையன எல்லாம் உயர்ந்தவை என்று சொல்ல வரவில்லை. சில நிரல்களில் வெறும் எண்களே பத்தி பத்தியாக வரும். அவை இயந்திர மொழிக் கட்டளைகள். அவற்றைத் தட்டச்சு செய்து யாரும் எதையும் கற்றிருக்க முடியாது. ஓர் எண் தவறினால் கணினி உறைந்து நிற்கும். கேசட்டில் சேமிக்கவில்லை என்றால் இரண்டு மணி நேர உழைப்பும் போச்சு. அமெரிக்காவின் 'கம்ப்யூட்ஸ் கெஜட்' என்ற இதழ் 1983-இல் இதற்கு ஒரு வழி செய்தது. ஒவ்வொரு வரியையும் தட்டி முடித்ததும் ஒரு சிறு நிரல் அந்த வரிக்கான சரிபார்ப்பு எண்ணைத் திரையில் காட்டும். இதழில் அச்சான எண்ணும் அதுவும் பொருந்தினால் அடுத்த வரிக்குப் போகலாம். எனக்கு அது தெரிந்திருந்தால் ஒரு மாலையாவது மிச்சமாகியிருக்கும்.

இந்த நிரல்களில் நான் இன்றும் வியப்பது ஒரு சதுரங்க விளையாட்டைத்தான். ஸ்பெக்ட்ரத்துக்கு முன்பு வந்த இசட்எக்ஸ்81 கணினியின் நினைவகம் வெறும் 1 கிலோபைட். அதில் கணினியோடு சதுரங்கம் ஆடும் நிரலை டேவிட் ஹோர்ன் என்பவர் 672 பைட்டுகளில் எழுதினார். 1983-இல் 'யுவர் கம்ப்யூட்டர்' இதழில் அது முழுமையாக வந்தது. இப்போது நீங்கள் வாசிக்கும் இந்தப் பத்தியைச் சேமிக்க அதைவிட அதிக இடம் தேவை. ராஜாவையும் யானையையும் இடம் மாற்றும் கோட்டை கட்டுதல் போன்ற சில விதிகள் அதில் இல்லை. இருந்தாலும் ஆட்டம் ஆட்டம்தான். எதை விட்டால் எது மிஞ்சும் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

அதே பெட்டியில் 'கிராஷ்' இதழின் சில பிரதிகளும் இருந்தன. 1984 தொடக்கத்தில், லண்டனிலிருந்து வெகு தொலைவில் உள்ள லட்லோ என்ற சிற்றூரில் தொடங்கிய இதழ் இது. விளையாட்டுகளை மதிப்பிட அவர்கள் அழைத்தது யாரைத் தெரியுமா? அந்த ஊர்ப் பள்ளி மாணவர்களை. ஒரே விளையாட்டைப் பற்றி மூவரின் கருத்து பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒருவர் புகழ்வார், அடுத்தவர் காசுக்குக் கேடு என்பார். ஆசிரியர் குழு அதைச் சமரசம் செய்து மழுப்பாது. வரைகலைக்கு இத்தனை விழுக்காடு, விளையாடும் சுவைக்கு இத்தனை, கொடுத்த பணத்துக்கு இத்தனை என்று தனித்தனியாக மதிப்பெண் உண்டு. வாசகர்கள் கைப்பட வரைந்து அனுப்பிய விளையாட்டு வரைபடங்களும் அச்சாகின. தாம் பார்த்ததைக் காரணத்தோடு எழுதுவார்கள் என்று பதின்ம வயதினரை நம்பி ஓர் இதழின் பக்கங்களைக் கொடுத்தார்கள். நம் கட்டுரை வகுப்புகளில்கூட அந்த நம்பிக்கை எப்போதும் கிடைப்பதில்லை.

கடையில் வாங்கும் கேசட் விளையாட்டுகளையும் அந்த வாசகர்கள் சும்மா விடவில்லை. 'போக்' என்று ஒரு பேசிக் கட்டளை உண்டு. நினைவகத்தின் இன்ன முகவரியில் இன்ன எண்ணை வை என்பது அதன் பொருள். மேத்யூ ஸ்மித் 17 வயதில் எழுதி 1983-இல் வெளிவந்த 'மேனிக் மைனர்' விளையாட்டில் 35136 என்ற முகவரியில் 0 வைத்தால், எத்தனை முறை செத்தாலும் உயிர் குறையாது. ஒவ்வொரு சாவுக்கும் ஓர் உயிரைக் கழிக்கும் கட்டளை அங்கேதான் இருந்தது. 0 என்றால் அந்தக் கணினிச் சில்லின் மொழியில் 'ஒன்றும் செய்யாதே'. இப்படிப்பட்ட எண்களை வாசகர்கள் தோண்டி எடுத்து இதழ்களுக்கு அனுப்பினார்கள். ஏமாற்று வேலை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அடுத்தவர் எழுதிய நிரலைப் பிரித்துப் படிக்காமல் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அவருடைய அடுத்த விளையாட்டு 1984-இல் வந்த 'ஜெட் செட் வில்லி'. விருந்து முடிந்து அலங்கோலமாய்க் கிடக்கும் மாளிகையைச் சுத்தம் செய்தால்தான் வில்லிக்குப் படுக்கை. அந்த மாளிகையின் பரணுக்குள் நுழைந்துவிட்டால், பிறகு வேறு சில அறைகளுக்குள் கால் வைத்ததுமே வில்லி செத்துவிழுவான். அவை நச்சு வாயு நிறைந்த அறைகள், வேண்டுமென்றே அப்படி வைத்தோம் என்று வெளியிட்ட நிறுவனம் முதலில் சொல்லிப் பார்த்தது. உண்மையில் அது நிரல் பிழை. பரணில் பறக்கும் ஓர் அம்பு திரையின் எல்லையைத் தாண்டி, வேறு அறைகளின் தகவல் இருந்த நினைவகத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு திருத்தும் போக் எண்கள் வந்தன. விளையாட்டை முதலில் முடிப்பவருக்கு நிறுவனம் அறிவித்திருந்த பரிசை வென்ற இருவரும், பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தங்களையும் கொடுத்தவர்கள்தாம். திருத்தாமல் அதை முடிக்கவே முடியாது என்பதுதான் வேடிக்கை.

1980களின் பிற்பகுதியில் இதழ்களின் அட்டையிலேயே விளையாட்டுக் கேசட் ஒட்டி வரத் தொடங்கியது. தட்ட வேண்டாம், தேட வேண்டாம், போட்டால் ஓடும். நிரல் அச்சாகும் பக்கங்கள் குறைந்து மறைந்தன. 'கிராஷ்' 1992-இல் நின்றது. விளையாட்டுகள் பெரிதாகிவிட்டதால் அவற்றை அச்சிட முடியாமல் போனது உண்மைதான். ஆனாலும் அந்த ஒட்டுக் கேசட்டோடு வாசகரின் வேலையும் மாறிப்போனது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குமுன் அவர் பாதி ஆக்குநர். அதற்குப்பின் அவர் விளையாடுபவர் மட்டும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்த இதழ்கள் பெரும்பாலும் பையன்களைப் பார்த்தே பேசின. அட்டைப் படமும் விளம்பரமும் அப்படித்தான். என் அக்கா அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. அது அவளுக்கானது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, நானும்தான்.

செயற்கை நுண்ணறிவைத் தடை செய்யச் சொல்கிறேனா? இல்லை. அச்சான நிரலைப் பார்த்துத் தட்டிய நானும் வேறொருவர் எழுதியதைத்தான் வாங்கிக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்ததை நாம் வரி வரியாகப் படித்தோமா என்பதுதான் என் கேள்வி. பள்ளிகளும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் நிரல் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதில் ஒன்றை மாற்றிக் காட்டு" என்று ஐந்து நிமிடம் கேட்டால் போதும். ஆசிரியர்களுக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். நீண்ட எழுத்து அறிக்கைகளைத் திருத்தும் நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மாணவரிடம் நிரலைத் தாளில் அச்சிட்டு, பென்சிலோடு உட்காரச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மடித்துக் கசங்கிய நான்கு தாள்களோடு வந்தார். வேகத்தைக் குறிக்கும் எண்ணை வட்டமிட்டிருந்தார். எதற்கும் பயன்படாத ஆறு வரிகளைக் கண்டுபிடித்து அடித்துமிருந்தார். பாம்பு சுவரின் இடது மூலையில் மோதினால் மட்டும் ஏன் ஆட்டம் முடிவதில்லை என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. எனக்கும் பிடிபடவில்லை. சனிக்கிழமை மீண்டும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறோம்.