வேருக்கும் காற்று வேண்டும்

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவை மண்ணில் வளர்வதில்லை; காட்டு மரங்களின் கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. இவை ஒட்டுண்ணிகள் அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சாமல், நிற்க இடம் மட்டுமே பெறுகின்றன. மழைநீரும், பட்டையில் வழிந்து வரும் உப்புகளும், கிளை இடுக்கில் மக்கும் சருகும்தான் இவற்றின் உணவு. மழை பெய்யும்போது வேர் முழுக்க நனையும். மழை விட்ட சில மணி நேரத்தில் காற்று அதை உலர்த்திவிடும். வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பதற்கான விதிகள் பெரும்பாலும் இந்த நனைதலிலும் உலர்தலிலும் அடங்கிவிடுகின்றன.

மரத்தில் வாழும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலாமன் என்ற மெத்தென்ற உறை இருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆன இந்த உறை, நீர் பட்டதும் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த வேர் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நனைந்ததும் உறை ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால் உள்ளேயுள்ள பச்சையம் தெரியத் தொடங்கி, வேர் பச்சையாகத் தோன்றும். உறை எந்நேரமும் நீரில் ஊறியிருந்தால் உள்வேருக்கு ஆக்சிஜன் எட்டாது, வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலை சுருங்கும். சுருங்கிய இலையைப் பார்த்தவர் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார். வீடுகளில் ஆர்க்கிட் மடிவது பெரும்பாலும் இந்தச் சுழலில்தான்.

ஐரோப்பியர்களும் இதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்த வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளைச் சூடும் ஈரமும் மிகுந்த, காற்றோட்டமில்லாத கண்ணாடி வீடுகளில் அடைத்து வைத்தார்கள், பெரும்பாலானவை அழிந்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டுக்குள் காற்றை விட்டார். செடிகளின் தாயகத்துக்கு ஏற்ப வெப்பநிலையைப் பிரித்தார். செடிகள் பிழைக்கத் தொடங்கின.

பிழைத்தாலும் அவை செல்வந்தர்களின் செடிகளாகவே இருந்தன. ஆர்க்கிட் விதை தூசி அளவே இருக்கும். முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அதனுள் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை உணவு ஊட்டினால்தான் விதை முளைக்கும் என்பதைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். பூஞ்சை செய்யும் வேலையைச் சர்க்கரை கலந்த அகர் ஊடகமும் செய்யும் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். 1960இல் ஜார்ஜ் மோரேல் திசு வளர்ப்பு முறையை ஆர்க்கிட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரே செடியிலிருந்து ஆயிரக்கணக்கான நகல்கள் எடுக்க முடிந்ததும் விலை சரிந்தது. இன்று நர்சரியில் கிடைக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டிகள் இந்த ஆய்வுகளின் பயன்.

வளர்ப்பில் முதலில் கவனிக்க வேண்டியது தொட்டியை நிரப்பும் பொருள். தோட்டத்து மண் கூடாது. அது வேரைச் சுற்றியுள்ள காற்றை வெளியேற்றிவிடும். பைன் மரப்பட்டை, மரக்கரித் துண்டு, உடைந்த ஓடு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவை ஏற்றவை. தேங்காய் மட்டையில் உப்பு இருப்பதால், பல முறை நீர் மாற்றி ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஸ்பேக்னம் பாசி நெடுநேரம் ஈரம் காக்கும். குளிரூட்டிய, காற்று வறண்ட அறைக்கு அது பொருந்தும், புழுக்கமான அறைக்குப் பொருந்தாது. மரப்பட்டை 2 ஆண்டுகளில் மக்கி நொறுங்கி நீரைத் தேக்கத் தொடங்கும் என்பதால், அதற்குள் தொட்டியை மாற்றிவிடுவது நல்லது. தொட்டியைத் தாண்டி வெளியே நீளும் வேர்களை வெட்டக் கூடாது.

நீர் ஊற்ற நாள்கணக்கு கிடையாது. தொட்டியைத் தூக்கினால் எடை குறைந்திருப்பதும், வேர் வெள்ளி நிறத்துக்குத் திரும்பியிருப்பதும்தான் அடையாளம். ஊற்றும்போது அடித்துளை வழியே வழிந்தோடும் அளவுக்கு ஊற்றி, நீரை முழுவதும் வடியவிட வேண்டும். அடியில் வைத்த தட்டில் நீர் தேங்கக் கூடாது. காலையில் ஊற்றுவது சிறந்தது. ஃபெலனாப்சிஸின் இலைக்குருத்தில் நீர் தங்கி இரவைக் கழித்தால் குருத்து அழுகும். கிளைகளில் மழைநீரை மட்டுமே அறிந்த இந்தச் செடிகளுக்கு உப்பு மிகுந்தால் ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும் ஊர்களில் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்தலாம். உரமும் அப்படியே: உரப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கை நீரில் கரைத்து, வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். இடையிடையே வெறும் நீரால் தொட்டியை அலசி, படிந்த உப்பை வெளியேற்ற வேண்டும்.

ஒளி போதுமா என்பதை இலை காட்டும். அடர்பச்சை இலை பார்க்க அழகாக இருந்தாலும், ஒளி குறைவு என்பதற்கு அதுவே அடையாளம். அத்தகைய செடி பூப்பது அரிது. சற்றே மஞ்சள் கலந்த இளம்பச்சைதான் சரியான நிறம். இலையில் செம்மை படர்ந்தால் ஒளி மிகுதி. வெளுத்த திட்டு விழுந்தால் வெயிலில் கருகியிருக்கிறது. கிழக்குச் சன்னலின் காலை வெயில் ஃபெலனாப்சிஸுக்குப் போதுமானது. டென்ட்ரோபியத்துக்கும் வண்டாவுக்கும் அதைவிட அதிக ஒளி வேண்டும். நிழல்வலை கட்டிய பால்கனியே அவற்றுக்கு இடம்.

எந்த இனத்தை வாங்குவது என்பதை ஊரின் வெப்பநிலையை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஃபெலனாப்சிஸ் 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் இடைவிடாது இருந்தால் இலை விடும், பூங்காம்பு விடாது. சில வாரங்கள் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் காம்பு கிளம்பும். சென்னை போன்ற சமவெளி நகரங்களில் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளே அதற்கு வாய்ப்பு. தாய்லாந்தில் கொய்மலருக்காகப் பெருமளவில் பயிரிடப்படும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் வெப்பத்தைத் தாங்கும். தடித்த தண்டில் நீரைச் சேமித்துக்கொள்ளும் என்பதால் ஓரிரு நாள் மறதியையும் பொறுக்கும். ஃபெலனாப்சிஸுக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. வண்டாவை மரக்கூடையில் வெறும் வேரோடு தொங்கவிடலாம். ஆனால் வெயில் காலத்தில் நாள்தோறும் நனைக்க வேண்டும்.

ஃபெலனாப்சிஸ் பூ 2 முதல் 3 மாதம் வாடாமல் நிற்கும். கடைசிப் பூ உதிர்ந்த பின் பச்சையாக உள்ள காம்பை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அங்கிருந்து பக்கக் கிளை விட்டு மறுபடி பூக்கலாம். மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தால் அருகில் பழக்கூடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும். இலையடியில் வெள்ளை மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் ஒட்டும். தொடக்கத்திலேயே ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் கட்டுப்படும்.

ஆர்க்கிட்டைத் தொட்டியில் மட்டுமன்றி, டெர்ரேரியம் என்ற கண்ணாடிப் பேழையிலும் வளர்க்கலாம். அந்தப் பேழையின் வரலாறு லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டிடமிருந்து தொடங்குகிறது. 1829இல் மூடிய கண்ணாடிக் குடுவையில் ஈரமண்ணிட்டு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை வைத்த அவர், மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் தானாக முளைத்து, புதிதாக நீர் ஊற்றாமலே வளர்வதைக் கண்டார். ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே திரும்பியதே காரணம். பெரணிக்கும் பாசிக்கும் அந்த மூடிய குடுவை ஏற்றது. மரத்தில் வாழும் ஆர்க்கிட்டுக்கு ஏற்றதல்ல. காற்றில் ஈரம் வேண்டும், ஆனால் அந்தக் காற்று அசைய வேண்டும். ஈரமும் தேக்கமும் சேர்ந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் சில நாள்களில் செடியைத் தின்றுவிடும்.

எனவே ஆர்க்கிட் டெர்ரேரியத்துக்கு முன்புறம் கீழேயும் மேல்மூடியிலும் காற்று புகும் இடைவெளி விட வேண்டும். கணினிக்குள் பொருத்தும் சிறு விசிறி ஒன்று உள்ளே காற்றைச் சுழற்றினால் ஈரப்பதத்தை 70 முதல் 85 விழுக்காட்டில் வைத்தும் இலைகளை உலர்வாகக் காக்கலாம். அடியில் சுட்ட களிமண் உருண்டைகள் பரப்பி, அதன்மேல் வலை, அதன்மேல் மரப்பட்டைக் கலவை என்று அடுக்கினால் வடியும் நீர் வேரைத் தொடாது. மரத்தில் வாழும் இனங்களைத் தரையில் நடக் கூடாது. சிறிதளவு பாசியோடு கார்க் பட்டைத் துண்டில் நூலால் கட்டி, மேற்பகுதியில் பொருத்த வேண்டும். பேழையைச் சன்னல் வெயிலில் வைத்தால் கண்ணாடிக்குள் வெப்பம் ஏறிச் செடி வெந்துவிடும். நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் எல்.இ.டி. விளக்குப் போதும்.

பேழையின் தரைப்பகுதிக்கு இலைக்காகவே வளர்க்கப்படும் ஆர்க்கிட்டுகள் பொருந்தும். கருஞ்சிவப்பு இலையில் செந்நரம்போடும் லுடிசியா, பொன்னிற வலைப்பின்னல் கொண்ட மக்கோடஸ் ஆகியவை காட்டின் நிழல்தரையைச் சேர்ந்தவை. குறைந்த ஒளியே போதும், தண்டுத் துண்டிலிருந்தும் வேர்விடும். இலங்கையின் ஈரக்காடுகளில் வளரும் வனராஜாவும் இதே கூட்டம்தான். மேற்பகுதிக்கு ஃபெலனாப்சிஸ் பாரிஷி போன்ற விரலளவு இனங்களும் சிறு பல்போஃபில்லங்களும் ஏற்றவை. ஆண்டிஸ் மலையின் மேகக்காடுகளிலிருந்து வரும் மஸ்டெவாலியாவும் டிராகுலாவும் குளிர்ந்த இரவைக் கேட்பவை. குளிரூட்டும் ஏற்பாடு இல்லாமல் சமவெளியில் அவற்றைக் காப்பாற்றுவது கடினம்.

வாங்குமிடத்தையும் கவனிக்க வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்தியாவில் நீல வண்டாவும் பாஃபியோபெடிலமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காட்டில் பிடுங்கிய செடியின் வேர் சிதைந்து, இலை அடிபட்டு, அளவு ஒழுங்கற்று இருக்கும்; நர்சரிச் செடி ஒரே சீராக, இளவேர்களோடு இருக்கும். பிந்தியதை வாங்குவதே சட்டப்படி சரி, செடி பிழைப்பதற்கும் அதுவே வழி.