தோலுரிப்பவர்களின் கணக்கு

நைஜீரியாவின் மரவள்ளித் திட்டங்களைப் பற்றி வாசிக்குந்தோறும் ஒன்று நம்மை உறுத்துகிறது. அவற்றில் கிழங்கு டன் டன்னாக எண்ணப்படுகிறது. அதை உணவாக்கும் பெண்கள் அரிதாகவே எண்ணப்படுகிறார்கள்.

சேலத்து ஜவ்வரிசியை அறிந்த நமக்கு மரவள்ளி ஓர் ஆலைப் பயிர். அங்கோ அது அன்றாடச் சோறு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். கசப்பு வகைகளில் சயனைடு நஞ்சும் உண்டு. ஆகவே தோல் சீவி, கழுவி, துருவி, சாக்கில் கட்டிப் பாரமேற்றிப் புளிக்கவிட்டு, நீர் வடிந்தபின் சலித்து, அகன்ற வாணலியில் விறகுத் தீயில் வறுத்தெடுக்கிறார்கள். ரவையை ஒத்த அப்பொருளின் பெயர் ‘காரி’. 100 கிலோ கிழங்கில் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோதான் தேறும்.

இபாதானிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1970களில் உருவாக்கிய, நோய் தாங்கும் ரகங்கள் விளைச்சலைப் பெருக்கின. துருவும் எந்திரமும் ஊர்தோறும் பரவியது. கையால் துருவி விரல் தேய்ந்தவர்களுக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை. பழைய பாடுகளின் அழகைப் பாடும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் எந்திரத்தின் உரிமையாளர் பெரும்பாலும் ஆண். நம்மூர் மாவு மில்காரரைப் போல அவர் அளவுக்கேற்பக் கூலி வாங்கிக்கொள்கிறார். தோலுரிப்பதும் புகையில் அமர்ந்து வறுப்பதும் பெண்களிடமே தங்கிவிட்டன. விளைச்சல் பெருகியபோது பெருகியது அந்த வேலைதான்.

2002இல் அதிபர் ஒபசாஞ்சோ தொடங்கிய மரவள்ளித் திட்டம் ஏற்றுமதியையும் ஆலைகளையும் கனவு கண்டது. ரொட்டிக்கான கோதுமை மாவில் 10 விழுக்காடு மரவள்ளி மாவு கலக்கவேண்டும் என்ற விதியும் அவர் ஆட்சியில் வந்தது. கிழங்கு குவிந்தது, வாங்க ஆலைகள் போதவில்லை, விலை சரிந்தது. மனம் வெறுத்த உழவர்கள் நடவைக் குறைத்தார்கள். பின்னர் விலை ஏறியது. சொந்த நிலமின்றிக் கிழங்கை விலைக்கு வாங்கிக் காரி வறுப்பவரின் நிலையை யார் நினைத்தார்கள்? கிழங்கு மலிந்தால் காரியும் மலிகிறது. கிழங்கு ஏறினால் கைமுதல் போதவில்லை. பின்னர் வந்த ஜோனதன் ஆட்சியும் (2010–15) அதே மரவள்ளி ரொட்டியைத்தான் முன்வைத்தது.

வேடிக்கை என்னவென்றால், காரிச் சந்தை கூடுதல் விலை தரும்போது உழவர்கள் அங்கேதான் விற்கிறார்கள். மாவு ஆலைகள் கிழங்கின்றிக் காத்துக்கிடக்கின்றன. எனில், திட்டக்காரர்கள் தேடும் தொழில்துறை ஏற்கெனவே அந்த அடுப்பங்கரைகளில்தானே நடக்கிறது! பிழியும் எந்திரமும் புகைபோக்கி வைத்த அடுப்பும் அப்பெண்களின் பெயரிலேயே, அவர்களின் குழுக்களுக்கே கடனாகக் கிடைக்கவேண்டும் என்பது நம் கருத்து. அதற்கும் நிலப் பத்திரத்தைப் பிணையாகக் கேட்டால் அவர்களில் எத்தனை பேரால் காட்டமுடியும்?