நமக்கும் ஒரு பேஸ் கிதார் வேண்டும்



நம் பள்ளிப் பாடகர் குழுவில் ஒரு குறை உண்டு. அது பாடுகிறவர்களின் குறையன்று. பெண்கள் பள்ளியில் மேற்குரலுக்குப் பஞ்சமில்லை; கட்டைக் குரல் எங்கிருந்து வரும்? நம் மாணவியரில் மிகத் தாழ்ந்த குரல் உடையவரும் நொடிக்கு 150 அதிர்வுகளுக்குக் கீழே இறங்குவது அரிது. பேஸ் கிதாரின் மிகக் கனத்த தந்தியோ நொடிக்கு 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது. அந்த ஒலியைத் தனியே யாரும் கவனிப்பதில்லை. நிறுத்திவிட்டால்தான் பாட்டு அந்தரத்தில் தொங்குவது தெரியும். ஆகவே நமக்கு ஒரு பேஸ் கிதார் வேண்டும். அதையும் கடையில் புதிதாக வாங்காமல், பழையது ஒன்றை வாங்கி மாணவியரே செப்பனிட வேண்டும் என்பது என் கருத்து.

கோவிலில் மின்சாரக் கிதாரா என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனுக்குத் தனி மதிப்பு அளித்தாலும், வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு அனுமதித்திருக்கிறது. இது சினிமாக் கருவி என்பார் உண்டு. இருக்கட்டுமே! இளையராஜாவின் இசையில் சசிதரனும், ஏ.ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்சும் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காதுகள்தாமே நம்முடையவை?

ஆண்பிள்ளைகள் வாசிப்பது என்ற பேச்சுக்குத்தான் எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் 1963-இல், ஒலிப்பதிவுக்கு வரவேண்டிய பேஸ் கலைஞர் வராமற்போக, அவர் இடத்தில் அமர்ந்தவர் கரோல் கே என்ற பெண்மணி. அதன்பின் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் அவர் வாசித்தார். நம் நாட்டில், 1996-இல் மும்பையில் பிறந்த மோகினி டே, தந்தையிடம் பேஸ் பயின்று உலக மேடைகளில் வாசிக்கிறார். முன்பெல்லாம் ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது. 1951-இல் லியோ ஃபெண்டர் 34 அங்குலத் தந்தி நீளத்தில், மெட்டுகள் பதித்து, தோளில் மாட்டும் மின்சாரப் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அந்தச் சாக்கும் போயிற்று.

ஏன் பழையது? விலை ஒரு காரணம். ஆனால் அதுவே முதற்காரணம் அன்று. புதுக் கருவியை உறை பிரித்து வாசிக்கும் பெண், அதன் உள்ளே இருப்பதை என்றுமே பார்க்கமாட்டாள். பழையதைத் திறந்தால் ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலை அங்கே காணலாம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றியது. மேலே இரும்புத் தந்தி அதிர, கம்பியில் மின்சாரம் எழுகிறது. தேர்வுக்காக நெட்டுருப் போட்ட பாடம் கைவிரலில் ஏறுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விரற்பலகையும் பல கருவிகளில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமாகவே இருக்கும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் பழைய இசைக்கருவிகள் கண்ணில் படும். 1991-க்கு முன் வெளிநாட்டுக் கருவிகளை இறக்குமதி செய்வது எளிதன்று. ஆகவே அக்காலத்துப் பெயர்பெற்ற வெளிநாட்டுக் கருவி என்று யாராவது விலையை ஏற்றினால் சற்று நின்று யோசிக்க வேண்டும். கல்கத்தாவில் செய்த கிவ்சன் போன்றவை நமக்குத் தாராளமாகப் போதும். பெயரைப் பார்ப்பதைவிடக் கழுத்தைப் பார்க்க வேண்டும். கனத்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் நலம். அதிகம் வளைந்திருந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகிச் சரிசெய்யலாம். கழுத்து கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதற்குப் புதியதே மேல்.

மற்றவையெல்லாம் பெரும்பாலும் தீரக்கூடிய நோய்களே. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை முடிச்சூர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர்! அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, என் தம்பியின் பேஸ் கிதாரும் கட்டிலுக்கடியில் மூன்று நாள் மூழ்கிக் கிடந்தது. மெத்தைகளோடு அதையும் தெருக் குப்பையில் போடச் சொன்னார்கள். நானும் என் மகளும் தந்திகளை அவிழ்த்து, கழுத்தைப் பிடித்த நான்கு திருகாணிகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு துடைத்து, நிழலிலேயே வாரக்கணக்கில் உலர்த்தினோம். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். மல்டிமீட்டரை வைத்தபோது பிக்கப் ஏழாயிரம் ஓம் சொச்சம் காட்டியது. கம்பி அறவில்லை என்று பொருள். துருவேறிய வால்யூம் கண்ட்ரோலுக்கு மாற்று ரேடியோ மெக்கானிக் கடையிலேயே கிடைத்தது. சால்டரிங் செய்தவள் மகள்தான். அன்று அவள் எட்டாம் வகுப்பு.

வார்னிஷை மட்டும் நாங்கள் தொடவில்லை. செப்பனிடுவது என்றால் பளபளக்க வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தேய்ந்த இடம் தேய்ந்தே இருக்கட்டும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் ஏறக்குறைய 30 பவுனுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ், 1972-இல் லண்டனில் திருடு போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அது பெட்டியோடு அவரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. வாசிப்பதற்கு முன் அதற்கும் பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. எந்தப் புதுக் கருவி அதற்கு ஈடாகும்?

பெற்றோரின் ஓர் அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். பேஸின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் சரியில்லாத இடத்தில், கிதாரைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்தால் ஷாக் அடிக்கலாம். உயிருக்கே ஆபத்தும் ஆகலாம். விழா மேடைகளில் மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கத்தை நம் அரங்கில் அடியோடு தடை செய்ய வேண்டும். பேஸ் வாங்குமுன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து அரங்கின் எர்த்தைச் சோதிக்கட்டும்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரும், ஒரு சால்டரிங் அயனும், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரமும் கொடுத்தால், ஒன்பதாம் வகுப்பு மாணவியர் ஐந்தாறு பேர் ஒரு பருவத்துக்குள் இதைச் செய்துவிடுவார்கள். தந்திகளை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். நான்கும் ஒரே உறையில் வரும்.