யாருக்காக இந்தச் செயலி?

என்னிடம் படித்த பையன் ஒருவன் கொழும்பில் மென்பொருள் வேலை பார்க்கிறான். சென்ற விடுமுறைக்கு நமுனுகுலைக்கு வந்தவன் கைப்பேசியை என் முன் நீட்டினான். குறுங்காணொளிகளால் மொழி கற்பிக்கும் செயலி ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து செய்கிறானாம். திரையில் ஒரு பெண் சிரித்தபடி "கொஹொமத?" என்கிறாள். பதினைந்து விநாடி. கீழே நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் ஒரு நட்சத்திரம். "தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் சிங்களம் பேசிவிடுவார்கள் சேர்" என்றான்.

பையன் கெட்டிக்காரன், அவன்மீது எனக்குக் கோபமில்லை. 2012இல் டுவோலிங்கோ பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட காலந்தொட்டு, விரலால் தொட்டால் மொழி வந்துவிடும் என்று உலகத்தையே நம்ப வைத்திருக்கிறார்கள். காணொளியால் பயனே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். தமிழில் 'ப' ஒன்று. சிங்களத்தில் அதன் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் வெவ்வேறு எழுத்து. திரும்பத் திரும்பக் கேட்டால்தான் காது பழகும். அதை வாத்தியாரின் தொண்டையைவிடக் காணொளி நன்றாகவே செய்யும்.

ஆனால், நம் லயத்துப் பெண் ஒருத்தி கந்தோர்க் கவுண்டரில் நிற்கும்போது "கொஹொமத?" என்று அவளை யாரும் கேட்பதில்லை. "ஹெட்ட என்ன" என்பார்கள். நாளைக்கு வா என்பது அவளுக்கும் விளங்கும். அரைநாள் சம்பளத்தைக் கொடுத்துக் கற்ற சிங்களம் அது. அவளுக்கு வராதது "ஏன் நாளைக்கு?" என்று திருப்பிக் கேட்பது. நான்கு விடையில் ஒன்றைத் தொட்டுப் பழகிய விரல் அந்த இடத்தில் என்ன செய்யும்?

கையில் தரும் கடிதத்தின் சிங்களம் வேறு. பேச்சில் நான் போனாலும் அவன் போனாலும் "யனவா"தான். எழுத்திலோ நான் என்றால் "யமி", அவன் என்றால் "யயி". நம் செந்தமிழும் கொடுந்தமிழும் போல. காணொளியில் பேசக் கற்ற பிள்ளை தன் பிறப்புச் சான்றிதழுக்கு வந்த கடிதத்தை வாசிக்க முடியாமல் நிற்கும்.

பசறையிலும் பதுளையிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் சிங்களத்தை எங்கே கற்றார்கள்? கொடுக்கல் வாங்கலில். விலையைத் தவறாகச் சொன்னால் நட்டம். எதிரே நிற்பவர் சிரித்துத் திருத்துவார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த எதிராள் இல்லை. அவர்கள் தமிழ்மொழிப் பாடசாலையில், கூப்பிடு தூரத்துச் சிங்களப் பிள்ளைகள் வேறு பாடசாலையில். விளையாட்டுப் போட்டியில்கூடச் சந்திப்பது அபூர்வம்.

சிக்னல் கதையையும் மறந்துவிட்டோம். 2021இல், கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, இதே பதுளை மாவட்டத்து லுணுகலையில் பிள்ளைகள் சுமார் 30 அடி உயர மரக்குடிலில் ஏறியிருந்து பாடம் இறக்கினார்கள். பொஹிட்டியாவையில் ஆசிரியையும் மாணவர்களும் பாறை மேல் ஏறினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் படம் போட்டன. காணொளி தின்னும் டேட்டாவுக்குக் காசு தருவது கொழுந்து நிறுக்கும் தராசுதான்.

இன்னொன்று கேட்கிறேன். கற்கவேண்டியவன் எப்போதும் தோட்டத்துப் பிள்ளைதானா? 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு 16ஆம் திருத்தம் நிருவாக மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. 2012 ஜனவரியில் மும்மொழித் திட்டத்தைத் தொடக்கிவைக்க ராமேஸ்வரத்துத் தமிழர் அப்துல் கலாமையே கொழும்புக்கு அழைத்தார்கள். கைதட்டினோம். பத்தாண்டுத் திட்டம்; அந்தப் பத்தாண்டும் முடிந்துவிட்டது. கவுண்டரில் இன்னும் "ஹெட்ட என்ன"தான்.

பையனிடம் சொன்னேன்: "சிரிக்கும் பெண்ணை எடுத்துவிடு. பஸ் கொண்டக்டர், பாமசிக்காரர், தபாற்கந்தோர்க்காரர் பேசுவதை அவர்கள் சம்மதத்தோடு பதிவுசெய். சிக்னல் இல்லாமலும் ஓடவேண்டும். எழுத்தையும் கற்றுக்கொடு. முதலில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தமிழ் கற்பிக்கும் செயலியைச் செய்."

கொஞ்சநேரம் யோசித்தான். "அதற்குக் காசு போட ஆள் கிடைக்காது சேர்" என்றான்.