நெற்றிக்கு யார் கொடுப்பார்?



1794ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழ், நம் நாட்டு அறுவை மருத்துவம் ஒன்றை மேல்நாட்டாருக்கு அறிவித்தது. ஆங்கிலப் படையில் மாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் போரிலே சிறைப்பட்டு மூக்கறுபட்டார். பின்னர் பூனாவில் அவரது நெற்றித் தோலைக் கீழே திருப்பிப் புதிய மூக்கு அமைத்தனர். அத்தோலின் காம்பு அறுபடாமல் இருந்தது. அதன் வழியே இரத்தம் பாய்ந்தமையால் ஒட்டிய தோல் பிழைத்தது.

மூக்கிற்கு நெற்றி கொடுத்தது. நெற்றியே பெரிதும் அழிந்துவிட்டால் அதற்கு யார் கொடுப்பார்?

தீப்புண், விபத்து, தோற்புற்று ஆகியன நெற்றியைச் சிதைப்பதுண்டு. சிறு காயமாயின் அருகிலுள்ள தோலை இழுத்துத் தைக்கலாம். பெரிய காயத்தில் அவ்வாறு இழுத்தால் புருவம் மேலேறிக் கோணும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்டலாமே எனில், அத்தோல் தன் அடித்தளத்திலிருந்தே இரத்தம் பெற வேண்டும். மண்டையோட்டைப் போர்த்திய சவ்வும் அழிந்து எலும்பு வெளிப்பட்டிருந்தால், பாறைமேல் நட்ட நாற்றைப் போல அது கருகிவிடும்.

ஆகவே, தன் இரத்தக்குழாய்களைத் தன்னோடு கொண்டுவரும் சதையே அங்கு வேண்டும். வயிற்றினுள் குடலைப் போர்த்தியுள்ள கொழுப்புத் திரையை ஒரு பெரிய தலைக்காயத்திற்கு மாற்றியதை, மக்லீன், பங்க்கி எனும் மருத்துவர் இருவர் 1972இல் வெளியிட்டனர். இன்று முன்கை, தொடை, முதுகு ஆகியவற்றிலிருந்து தோலோ தசையோ எடுக்கப்படுகிறது. அதன் தமனியையும் சிரையையும் காதின் முன்னே ஓடும் குழாய்களோடு, நுண்ணோக்கியின் துணையால், மயிரினும் மெல்லிய நூல்கொண்டு தைக்கின்றனர்.

முதல் சில நாட்களே சோதனைக் காலம். செவிலியர் மணிதோறும் வந்து அதன் நிறத்தையும் வெப்பத்தையும் பார்ப்பர். வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ குழாய் அடைபட்டிருக்கக்கூடும். உடனே மீண்டும் அறுவை செய்ய நேரலாம். தாமதித்தால் ஒட்டிய சதை இறந்துபோம்.

வீட்டார் ஒன்றை முன்பே அறிந்திருத்தல் நலம். புதிய நெற்றி பழைய நெற்றியாகாது. நிறம் வேறுபடும், சற்றே தடித்திருக்கும், வியப்பிலும் கவலையிலும் சுருங்காது. சதை எடுத்த இடத்திலும் வடு நிற்கும். தடிப்பைக் குறைக்கப் பின்னர் சிறு அறுவை செய்யலாம். இவற்றையெல்லாம் அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

வீடு திரும்பியவரின் நெற்றியை உற்று நோக்க வேண்டாம். அஞ்சி முகம் திருப்பவும் வேண்டாம். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். கண்ணாடியை ஒளித்து வைக்காதீர்கள். அவர் கேட்கும்போது எடுத்துக் கொடுத்து, அருகில் அமர்ந்திருங்கள்.