நாலு ஓட்டை போட்டா ஹப் ஆயிடுமா?

தாம்பரம் மார்க்கெட்ல ஆரம்பிச்சு குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி வரைக்கும் எந்த கம்ப்யூட்டர் கடையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. யூஎஸ்பி ஹப் இருக்கான்னா உடனே எடுத்துப் போடுவாங்க. "ஒரு போர்ட்டுக்கு எத்தனை மில்லி ஆம்பியர் தரும்?"னு கேட்டா மேலயும் கீழயும் பார்ப்பாங்க. கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலான மலிவு ஹப்களோட அட்டைப்பெட்டியிலயே அது கிடையாது. வேகம் மட்டும் கொட்டை எழுத்துல இருக்கும். என் சண்டை அந்தப் பெட்டியோடதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 2000-ல் வந்த யூஎஸ்பி 2.0 விதிப்படி கம்ப்யூட்டரோட ஒரு போர்ட்ல இருந்து ஒரு கருவி எடுத்துக்கக் கூடியது 500 மில்லி ஆம்பியர். இதை நூறு நூறா ஐந்து பங்கு வையுங்க. அடாப்டர் இல்லாத ஹப் தன் செலவுக்கு ஒரு பங்கு எடுத்துக்கலாம். மிச்சம் நாலு பங்கு, நாலு போர்ட்டுக்கு. அதனாலதான் அடாப்டர் இல்லாத ஹப்ல நாலு போர்ட்டுக்கு மேல கூடாதுன்னு விதி. அப்புறம் அடாப்டரே இல்லாம ஏழு போர்ட் வச்சு விக்கிறாங்களே, அது எந்த ஊர் கணக்கு? யூஎஸ்பி 3-ல இந்த 500, 900 ஆச்சு, பங்கு 150 ஆச்சு. உள்ளே வர்றதைவிட அதிகமா வெளியே போகாதுங்கிறது மட்டும் மாறலை.

"மவுஸ், கீபோர்டு எல்லாம் நல்லாத்தானே ஓடுது?"ன்னு கேப்பீங்க. ஓடும். அதுங்களுக்கு 100 போதும். அதே ஹப்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மாட்டுங்க. தட்டு சுழல ஆரம்பிக்கிற நேரத்துலதான் அதுக்குப் பசி அதிகம். டிக் டிக்னு சத்தம், டிரைவ் காணாம போகும், திரும்ப வரும். காப்பி ஆகிட்டிருக்கும்போது இப்படி ஆனா ஃபைல் காலி. வருஷம் முழுக்க செஞ்ச ப்ராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ எதுவா வேணும்னாலும் இருக்கலாம். பழி மட்டும் ஹார்ட் டிஸ்க் மேல விழும்!

இதைவிட மோசம், பொய் சொல்ற ஹப். அடாப்டர் இல்லாமலே "எனக்குத் தனி மின்சாரம் இருக்கு"ன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடும். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர் போய் அந்த ஹப்போட பவர் பக்கத்தைப் பாருங்க. அடாப்டர் இல்லாத ஹப்புக்கு போர்ட்டுக்கு 500-னு காட்டினா, மாட்டிக்கிச்சு.

"டெஸ்ட் எல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்"னு ஒரு சாக்கு. நாலு 47 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர், வெட்டின பழைய யூஎஸ்பி கேபிள், ஒரு மல்டிமீட்டர் போதும். ஒவ்வொரு போர்ட்லயும் சிவப்பு, கருப்பு ஒயருக்கு நடுவுல ஒரு ரெசிஸ்டர் வச்சா ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். கம்ப்யூட்டர் போர்ட்ல 4.75 வோல்ட்டுக்குக் குறையாம வந்தா, ஹப் போர்ட்ல 4.40-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடாப்டர் உள்ள ஹப்னா இன்னொண்ணு: அடாப்டரைப் போட்டுட்டு, கம்ப்யூட்டர்ல செருகுற முனையைக் கழட்டி அளந்து பாருங்க. அங்கே 5 வோல்ட் வந்தா, அந்த ஹப் உங்க கம்ப்யூட்டருக்குள்ள பின்வாசல் வழியா கரண்ட் தள்ளுதுன்னு அர்த்தம். இது ரெண்டுமே யூஎஸ்பி ஃபோரத்தோட தகுதிச் சோதனையில இருக்கிறதுதான்.

1949-ல ஆரம்பிக்கும்போதே எலெக்ட்ரானிக்ஸை ஒரு பாடமா வச்ச எம்.ஐ.டி. குரோம்பேட்டையில இருக்கு. மின்காந்தச் சோதனை செய்யிற சமீர் மையம் தரமணியில இருக்கு. சோதனைன்னா என்னன்னே தெரியாத ஊர் இல்லை இது.

ஃபோரத்தோட சான்றிதழ் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. அதுக்குச் செலவும் ஆகும், ஒத்துக்கிறேன். சின்ன தயாரிப்பாளர்கிட்ட நான் லோகோ கேட்கலை. பெட்டியில ரெண்டு வரி கேட்கிறேன்: அடாப்டர் வேணுமா வேண்டாமா, போர்ட்டுக்கு எத்தனை மில்லி ஆம்பியர். அச்சடிக்க தனி காசு ஆகாது. உண்மையை அச்சடிச்சா அந்த ஏழு போர்ட் ஹப் விக்காது, அதான் பிரச்சினை.

கம்ப்யூட்டர் அடாப்டருக்கு 2012 ஆணை மூலமா பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம் ஆச்சு. ஹப்போட வர்ற அடாப்டர்ல பதிவு எண் இருந்தா பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டுப் பாருங்க. ஹப்புக்கு, கடையில அந்தக் கேள்வியைக் கேளுங்க. பத்து பேர் கேட்டு வாங்காம திரும்பினா, பதினோராவது ஆளுக்கு கடைக்காரர் பதிலோட இருப்பார்.