எந்தப் பாடத்தில் பரீட்சை?

2019-ல் தமிழக அரசு ஐந்தாம் வகுப்புக்கே பொதுப் பரீட்சை என்றது. தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று பாடமும் குறித்தது. முதல் மூன்று வருஷம் யாரையும் நிறுத்தி வைக்கமாட்டோம் என்றார்கள். நாலாம் வருஷம்? நல்லவேளை, 2020 பிப்ரவரியில் அது ரத்தாயிற்று.

"இரண்டு பாடத்திலாவது வைக்கலாமே!" என்று இன்னும் சொல்கிறவர்களை நான் போடிமெட்டு அடிவாரத்துக்கு அழைக்கிறேன். விடியுமுன் ஜீப்பேறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறாள் தாய். தம்பிக்குச் சோறூட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள் பத்து வயது மகள். அவளுக்கு வாசிக்க வருகிறதா, கணக்கு வருகிறதா என்று அறிய வாத்தியாருக்குப் பத்து நிமிஷம் போதாதா? வராவிட்டால் சொல்லிக் கொடுக்கத்தானே ஐயா பள்ளிக்கூடம்! 'பெயில்' என்று எழுதிப் பாருங்கள்; தாயோடு அவளும் ஜீப்பேறிவிடுவாள். அப்புறம் எந்தப் பாடத்தில் பரீட்சை வைப்பீர்கள்?